எந்தக் கோட்டுக்குள் எந்த ஊர்?

திருநெல்வேலி பெரிய ஊரா, ஈரோடு பெரிய ஊரா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஈரோடு மாநகராட்சிக்குள் இருந்தவர்கள் 1.57 லட்சம் பேர். நெல்லை மாநகராட்சிக்குள் 4.73 லட்சம் பேர், அதாவது மூன்று மடங்கு. இதோடு வாதம் முடிந்தது என்று நினைப்பீர்கள். ஆனால் என் சம்பளப் பட்டியலைக் கேட்டால் ஈரோடுதான் பெரிய ஊர் என்று அடித்துச் சொல்லும்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருப்பவன். சொந்த ஊர் பாளையங்கோட்டை. ஈரோட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு மாறுதல் வாங்கி வந்த மாதமே என் வீட்டு வாடகைப் படி சரிபாதியானது. நெல்லை வண்ணார்பேட்டையில் வாடகை அப்படியொன்றும் பாதி இல்லை. கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு இதை விட்டுவிட முடியுமா? விதியைத் தேடிப் படித்தேன்.

மத்திய அரசு ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என மூன்றாகப் பிரித்திருக்கிறது. 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் இருந்தால் எக்ஸ். 5 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை ஒய். அதற்குக் கீழே எல்லாம் இசட். இப்போதைய விகிதத்தில் அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 சதவீதம் வீட்டு வாடகைப் படி. அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால் ஈரோட்டில் 10,000, நெல்லையில் 5,000. தமிழ்நாட்டில் சென்னை மட்டும் எக்ஸ். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகியவை ஒய். நெல்லை இசட்.

இதற்காக எடுத்துக்கொள்ளும் மக்கள்தொகை மாநகராட்சியுடையது அல்ல என்பதில்தான் சூட்சுமம். ஒரு நகரமும், அதை ஒட்டி இடைவெளியில்லாமல் வீடும் கடையுமாகத் தொடரும் பக்கத்து ஊர்களும் சேர்ந்ததைக் கணக்கெடுப்புத் துறை நகரத் திரள் என்று தனியாக எண்ணுகிறது. வாடகைப் படிக்கு அந்தக் கணக்குதான். அப்படி எண்ணியபோது ஈரோடு 5.2 லட்சத்தைத் தொட்டது. நெல்லை 5 லட்சத்துக்கு ஓரிரு ஆயிரம் பேர் குறைவாக நின்றுவிட்டது.

1.57 லட்சம் எப்படி 5.2 லட்சம் ஆனது? கணக்கெடுப்பு நடந்தபோது வீரப்பன்சத்திரம், சூரம்பட்டி, பெரியசேமூர், காசிபாளையம் எல்லாம் ஈரோட்டோடு ஒட்டிக்கொண்டே தனித்தனி உள்ளாட்சிகளாக இருந்தன. பேருந்தில் போகிறவருக்கு எங்கே ஈரோடு முடிந்தது என்று தெரியாது. காகிதத்தில் மட்டும் முடிந்திருந்தது. நெல்லையில் கதை வேறு. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாம் 1994-ல் மாநகராட்சி ஆனபோதே உள்ளே வந்துவிட்டன. திரளாகச் சேர்க்க வெளியே பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஒரே நாளில், ஒரே அரசு எடுத்த கணக்கில், ஒரு கோட்டை வைத்துப் பார்த்தால் நெல்லை மூன்று மடங்கு பெரிது. இன்னொரு கோட்டை வைத்தால் ஈரோடு பெரிது. இரண்டிலும் பொய் கிடையாது.

சாப்பாட்டு மேசை வழக்கு

எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் வரும் வழக்கு ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் இரண்டாவது பெரிய ஊர் கோவையா, மதுரையா?

"ரெண்டும் பத்து லட்சம்தானண்ணே, என்ன பெரிய வித்தியாசம்?" என்பார் மதுரைக்காரர்.

"பக்கத்துல இருக்கறதையும் சேர்த்து எண்ணிப் பாருங்க, அப்புறம் தெரியுங்க" என்பார் கோவைக்காரர்.

இருவரும் சரியான எண்ணைத்தான் சொல்கிறார்கள். 2011-ல் பழைய மாநகராட்சி எல்லைப்படி கோவை 10.5 லட்சம், மதுரை 10.2 லட்சம், கிட்டத்தட்ட சமம். நகரத் திரளாக எடுத்தால் கோவை 21 லட்சத்தைத் தாண்டுகிறது, மதுரை 14.6 லட்சத்தில் நிற்கிறது. மாவட்டமாக எடுத்தால் கோவை 34.6 லட்சம், மதுரை 30.4 லட்சம். மூன்று அளவிலும் கோவை முன்னால்தான், ஆனால் முந்தும் தூரம் அளவுக்கு அளவு மாறுகிறது. தகராறு முழுக்க அந்தத் தூரத்தைப் பற்றியதுதான்.

மாவட்டக் கணக்கை நம்புவதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மதுரையிலிருந்து 1985-ல் திண்டுக்கல்லும் 90-களில் தேனியும் பிரிந்து போயின. கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சில பகுதிகளை எடுத்து 2009-ல் திருப்பூர் மாவட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இப்போது 38 மாவட்டங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய மதுரை மாவட்டத்தையும் இன்றைய மதுரை மாவட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "வளர்ந்தது, தேய்ந்தது" என்று பேசுகிறவர்கள், பெயர் ஒன்றாக இருக்கும் இரண்டு வேறு நிலப்பரப்புகளை ஒப்பிடுகிறார்கள். காஞ்சிபுரமும் அப்படித்தான். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது தாம்பரம் உட்பட ஒரு பெரும்பகுதி அதோடு போனது. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் காஞ்சிபுரம் மாவட்டப் புள்ளிவிவரத்தை ஒரே கோடாக இழுத்து வரைபடம் போட்டால், ஏதோ பெரிய விபத்து நடந்ததுபோல் தெரியும்.

சென்னையா, பெங்களூரா

இதே வழக்கு தேசிய அளவில் நடப்பது சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில். 2011 கணக்கெடுப்பு அட்டவணையில் சென்னை மாநகராட்சி 46.5 லட்சம், பெங்களூரு மாநகராட்சி 84.4 லட்சம். "பெங்களூர் சென்னையைப்போல இரண்டு மடங்கு" என்ற பேச்சுக்கு மூலம் இந்த அட்டவணைதான். ஆனால் பரப்பளவைப் பாருங்கள். அன்றைய சென்னை 174 சதுர கிலோமீட்டர். பெங்களூரோ 2007-ல் ஏழு நகராட்சிகளையும் நூற்றுப் பத்து கிராமங்களையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருந்தது. நகரத் திரளை எடுத்துப் பார்த்தால் சென்னை 86.5 லட்சம், பெங்களூரு 85 லட்சம். இரண்டு மடங்கு என்ற பேச்சு அங்கே காணாமல் போகிறது.

கணக்கெடுப்பு முடிந்து சில மாதங்களில், 2011 அக்டோபரில், சென்னையும் விரிந்தது. அம்பத்தூர், திருவொற்றியூர் என 42 உள்ளாட்சிகள் சேர்ந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது. மக்கள்தொகை 67 லட்சம் அளவுக்கு உயர்ந்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,500 பேருக்கு மேல் என்றிருந்த நெருக்கம் 16,000-க்கும் கீழே இறங்கியது. தி.நகரில் ஒரு ஆள் குறையவில்லை, ஒரு சந்துகூட அகலமாகவில்லை. ஆனால் அட்டவணையை மட்டும் படிக்கிறவர் சென்னையில் நெரிசல் குறைந்துவிட்டது என்று எழுதிவிட முடியும்.

மாநகராட்சி, நகரத் திரள் இரண்டும் போக மூன்றாவது சென்னை ஒன்றும் இருக்கிறது. அது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) திட்டப் பகுதி. நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அது 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக, ராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு பகுதி வரை நீட்டப்பட்டது. அதற்குள் ஏரியும் உண்டு, வயலும் உண்டு. நாளை அங்கே எங்கே சாலை வரும், எங்கே தொழிற்சாலை வரும் என்று திட்டமிடுவதற்கான எல்லை அது. அதை எடுத்துக்கொண்டு சென்னை மும்பையைவிட அகலமானது என்று பெருமை பேசுவது வீண். பெங்களூரிலோ 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். இனி பழைய முறையில் அட்டவணை போடுகிறவருக்கு ஐந்து பெங்களூருகள் கிடைக்கும்.

உலகிலேயே வேகமாக வளர்ந்த ஊர்

2020 ஜனவரியில், உலகில் மிக வேகமாக வளரும் நகரங்கள் என்று ஒரு பட்டியல் ஊடகங்களில் சுற்றியது. ஐ.நா. மக்கள்தொகைத் தரவுகளை வைத்துப் போட்ட அந்தப் பட்டியலில் முதலிடம் கேரளத்தின் மலப்புரம். 2015-லிருந்து 2020-க்குள் 44 சதவீத வளர்ச்சி என்றது. கோழிக்கோடும் கொல்லமும் முதல் பத்தில் இருந்தன. மலப்புரத்தில் அப்படி என்ன புதிய தொழிற்சாலை வந்தது என்று பலரும் தலையைச் சொறிந்தார்கள்.

வந்தது தொழிற்சாலை அல்ல, கோடு. மலப்புரம் நகராட்சியில் 2011-ல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்தான். ஆனால் மலப்புரம் நகரத் திரள் 2001-ல் 1.7 லட்சமாக இருந்து, 2011-ல் 17 லட்சமானது. மதுரைத் திரளைவிடப் பெரிது! வெளியூரிலிருந்து யாரும் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறவில்லை. சுற்றியிருந்த ஊராட்சிகள் நகரம் என்று எண்ணப்படும் தகுதியை எட்டின. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்ததால் எல்லாம் ஒரே திரளுக்குள் போயின. கேரளத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஓர் ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது கத்திமுனை வேலை. இதன் பலனாக, நாட்டில் பத்து லட்சம் தாண்டிய 53 நகரத் திரள்களில் ஏழு சின்னஞ்சிறு கேரளத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கே. இதிலிருந்து கேரளத்தில் நம்மைவிடப் பெருநகரங்கள் அதிகம் என்று முடிவு கட்டினால் அது அவசரம்.

நகரம் என்று எண்ணப்படும் தகுதி எது? 5,000 பேராவது இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும். வேலை பார்க்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால், உள்ளாட்சி அளவில் கிராம ஊராட்சியாகவே இருந்தாலும், கணக்கெடுப்பில் அது நகரம். ஆண்களின் தொழிலை மட்டும் பார்க்கும் விதி இது. களை எடுக்கவும் நாற்று நடவும் போகும் பெண்கள் இந்தத் தராசில் ஏறுவதே இல்லை. இப்படி எண்ணப்பட்ட ஊர்கள் நாட்டில் 2001-ல் 1,362, 2011-ல் 3,894. இந்தியா நகரமயமாகிவிட்டது என்ற தலைப்புச் செய்தியில் ஒரு பங்கு, கிராமத்தில் இருந்தபடியே நகரவாசியாகிவிட்ட இவர்களின் கதை.

இன்னொரு பக்கம், அரசு நினைத்தால் ஓர் உத்தரவில் நகரத்தைக் கிராமமாக்கலாம். தமிழ்நாட்டில் 2004-ல், 30,000 பேருக்குக் குறைவான பேரூராட்சிகள் எல்லாம் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. ஊரக வளர்ச்சி நிதி கிடைக்கும் என்பது காரணம். 2006-ல் அவை மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் இரண்டு ஆண்டுகள் கிராமமாக இருந்துவிட்டு நகரத்துக்குத் திரும்பின. அங்கே குடியிருந்தவர்கள் வீட்டைவிட்டு அசையவில்லை.

சிரிப்பாக இருந்தாலும் இதில் வயிற்றுப்பாடு இருக்கிறது. பக்கத்து ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கப்போகிறோம் என்றால் ஊரே திரண்டு மறியல் செய்வதை அடிக்கடி பார்க்கிறோம். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி கூடிவிடும் என்பது அவர்கள் பயம். அது நியாயமான பயம். அதே ஊரில் மனை வாங்கிப் போட்டிருப்பவரோ எப்போது இணைப்பார்கள் என்று காத்திருப்பார். ஒரே கோடு ஒருவருக்குக் கூலி, மற்றவருக்கு மனை விலை.

மாநில எல்லையில் மறையும் நகரம்

2011 கணக்கெடுப்பில் நாட்டின் மிகப் பெரிய நகரத் திரள் மும்பை: 1.84 கோடி. டெல்லி 1.63 கோடி. ஐ.நா. 2018-ல் வெளியிட்ட பட்டியலில் டெல்லி 2.85 கோடியோடு உலகின் இரண்டாம் இடத்தில் இருந்தது. மும்பை 2 கோடி. ஏழு ஆண்டுகளில் டெல்லிக்கு ஒரு கோடிக்கு மேல் பேர் வந்து இறங்கவில்லை. நம் கணக்கெடுப்பில் நகரத் திரள் மாநில எல்லையைத் தாண்டுவதில்லை. குருகிராம் ஹரியானாவில் இருக்கிறது. நொய்டாவும் காசியாபாத்தும் உத்தரப் பிரதேசத்தில். மெட்ரோ ரயில் தாண்டிப் போகும் எல்லையை எண்ணிக்கை தாண்டாது. ஐ.நா. அவற்றையும் டெல்லியோடு சேர்த்துக்கொண்டது.

நமக்கு இதே நிலை ஓசூரில். பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர். இங்கே வீடு, அங்கே வேலை என்று தினமும் எல்லை தாண்டுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் பெங்களூருத் திரளில் ஓசூர் ஒருபோதும் எண்ணப்படாது.

இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருக்கிறது. லண்டன் மாநகரம் என்று சட்டப்படி பெயர் பெற்ற பழைய பகுதியில் 2021 கணக்கெடுப்பில் குடியிருந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு; பெருலண்டனில் 88 லட்சம். பாரிஸ் நகரம் 105 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். சீனாவின் சோங்சிங் மாநகர எல்லைக்குள் 3.2 கோடிப் பேர். ஆனால் அந்த எல்லை ஆஸ்திரியா நாட்டின் பரப்பை நெருங்குகிறது, உள்ளே மலையும் வயலும் ஏராளம்.

இதைச் சரிசெய்யத்தான் 2020-ல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஒரு பொது அளவுகோலை ஏற்றது. நிர்வாக எல்லையை மறந்துவிட்டு, நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். 1,500 பேருக்குக் குறையாத கட்டங்கள் ஒட்டி ஒட்டி வந்து, மொத்தம் 50,000 பேரைத் தொட்டால் அது நகரம். எந்த நாட்டுக்கும் ஒரே அளவு. இந்த முறையில் 2025-ல் வந்த ஐ.நா. அறிக்கையில், முன்பு ஒரு கோடி என்று எண்ணப்பட்ட ஜகார்த்தா சுமார் 4.2 கோடியோடு உலகின் முதல் நகரமானது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டோக்கியோ மூன்றாவது இடத்துக்கு இறங்கியது.

இதுதான் கடைசித் தீர்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர் ஒப்பிட இந்தக் கட்டக் கணக்கு நல்லது. ஆனால் குப்பை அள்ளுவதும், குழாயில் தண்ணீர் விடுவதும், வரி வாங்குவதும் கட்டம் அல்ல, மாநகராட்சி. கவுன்சிலரிடம் போய் எங்கள் கட்டத்தில் விளக்கு எரியவில்லை என்று சொல்ல முடியாது.

டெல்டா எங்கே தொடங்குகிறது

நகரத்துக்காவது கட்டடம் என்ற அடையாளம் இருக்கிறது. பிராந்தியத்துக்கு அதுவும் கிடையாது. காவிரி டெல்டா என்கிறோம். அது எங்கே தொடங்குகிறது? காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவது முக்கொம்பில். அது திருச்சி மாவட்டம். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் அறிவிக்கப்பட்டபோது திருச்சி, கரூர், அரியலூர் பெயர்களும் பேச்சில் இருந்தன. அதே மாதம் சட்டமாக வந்தபோது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும்தான் இருந்தன. ஆறு பிரியும் இடமே டெல்டாவுக்கு வெளியே போய்விட்டது. லால்குடி விவசாயிக்கு இது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல. அந்தச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. அவர் வயல் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே.

கொங்கும் அப்படித்தான். கோவையும் ஈரோடும் கொங்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சேலம்? கரூர்? தர்மபுரி? கேட்கும் ஆளுக்கு ஆள் மாறும். வேளாண் பல்கலைக்கழகம் மழையும் மண்ணும் பார்த்துத் தமிழ்நாட்டை ஏழு மண்டலமாகப் பிரிக்கிறது. அதில் கோவை மேற்கு மண்டலம், சேலம் வடமேற்கு மண்டலம். அரசியல்வாதி தொகுதியைப் பார்த்துப் பிரிப்பார், வரலாற்று ஆசிரியர் கல்வெட்டைப் பார்த்துப் பிரிப்பார். மேற்கு மாவட்டங்கள் முன்னேறின, தெற்கு பின்தங்கியது என்று ஒரு கட்டுரை சொன்னால், நீலகிரியை எதில் சேர்த்தார்கள், திண்டுக்கல்லை எதில் போட்டார்கள் என்று பார்க்காமல் நம்பாதீர்கள். இரண்டு மாவட்டத்தை இடம் மாற்றினால் சராசரி மாறும். சராசரி மாறினால் முடிவும் மாறும்.

தனிநபர் வருமான ஒப்பீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் காரின் மதிப்பு காஞ்சிபுரம் மாவட்ட உற்பத்தியில் சேர்கிறது. அதைத் தயாரித்தவர் பூந்தமல்லியில் குடியிருந்தால் அவர் சம்பளம் செலவாவது வேறு மாவட்டத்தில். உற்பத்தியை உள்ளூர் மக்கள்தொகையால் வகுத்து, அந்த மாவட்டத்து மக்கள் எல்லாரும் வசதியானவர்கள் என்று எழுதுகிறவர்கள் தொழிற்சாலையின் வருமானத்தை வேலியோர விவசாயியின் கணக்கில் எழுதுகிறார்கள்.

கணக்குப் பிரிவில் இத்தனை ஆண்டு இருந்ததில் நான் பிடித்துக்கொண்ட விதி இதுதான். எந்த எல்லையும் ஒரு வேலைக்காகப் போட்டது. மாநகராட்சி எல்லை வரிக்கும் குப்பைக்கும். நகரத் திரள் ஊர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளக்க. திட்டப் பகுதி நாளைய சாலைக்கு. வேளாண் மண்டலம் வயலைக் காக்க. ஒரு வேலைக்குப் போட்ட கோட்டை இன்னொரு வேலைக்கு எடுத்தால் தப்பு வரும். ஓர் ஊருக்கு ஒரு கோட்டையும் அடுத்த ஊருக்கு வேறு கோட்டையும் எடுத்தால் அது மோசடி. நகரத்தின் தரவரிசை, மாவட்டத்தின் தரவரிசை என்று எதைக் கண்டாலும் முதலில் எண்ணைப் பார்க்காதீர்கள். எந்த எல்லை, எந்த ஆண்டு, எல்லா ஊருக்கும் ஒரே அளவா என்று பாருங்கள். இதைச் சொல்லாத பட்டியலைப் பகிராதீர்கள்.

அடுத்த கணக்கெடுப்பின் எண்ணிக்கை நாள் 2027 மார்ச் 1. அதற்கான நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31-க்குள் முடிவுசெய்யும்படி மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உங்கள் தெரு எந்த ஊராட்சியில், எந்த மாநகராட்சியில் எண்ணப்படப்போகிறது என்பதை இப்போதே விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த பத்தாண்டுக்கு உங்கள் ஊருக்கு வரும் நிதியும், என்னைப் போன்றவர்களின் வாடகைப் படியும் அந்த எண்ணிக்கையில்தான் நிற்கும்.